டி.சி., சாதிச் சான்று, கோயில் கடிதம்: ஜூனில் பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்க்கும் கிறிஸ்தவப் பெற்றோருக்கு

பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வரும் கிறிஸ்தவக் குடும்பங்களிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “நம்ம ஸ்கூல்தானே, ஐயர்ட்ட ஒரு லெட்டர் வாங்கினா முடிஞ்சுது.”

முடியாது. ஐயர், அதாவது எங்கள் சர்ச்சின் போதகர், கொடுக்கும் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழாகவும் ஆகாது, சாதிச் சான்றாகவும் ஆகாது. மிஷன் பள்ளியாக இருந்தாலும் அங்கே உட்கார்ந்திருக்கும் கிளார்க் அரசாங்கத்தின் கணினியில்தான் உங்கள் பிள்ளையைப் பதிய வேண்டும். சென்னையிலிருந்து இங்கே குடிவந்து, நான்காம் வகுப்புக்கு ஒன்று, ஒன்பதாம் வகுப்புக்கு ஒன்று என இரண்டு பிள்ளைகளைச் சேர்ப்பதற்குள் நானும் என் மனைவியும் ஒரு கோடை விடுமுறை முழுக்க அலைந்தோம். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். திருநெல்வேலியை வைத்து எழுதினாலும், நாகர்கோவிலுக்கோ தூத்துக்குடிக்கோ வேலூருக்கோ போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள், பிரிவைக் கேளுங்கள்

ஒரே வளாகம், ஒரே மணி, ஒரே ஜெபம். ஆனால் உள்ளே மூன்று வகைப் பிரிவுகள் இருக்கலாம்: அரசு உதவி பெறும் தமிழ்வழி, அதே பள்ளியில் சுயநிதியில் நடக்கும் ஆங்கிலவழி, பக்கத்துக் கட்டடத்தில் மெட்ரிக். மூன்றையும் அதே மறைமாவட்டமோ (ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம்) திருமண்டலமோதான் (சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை) நடத்தும். கட்டணம் வேறு, சலுகை வேறு, பிற்காலத்தில் பிள்ளைக்குக் கிடைக்கும் இடஒதுக்கீடும் வேறு. “சேர்த்தாச்சு” என்ற சந்தோஷத்தில் எந்தப் பிரிவில் சேர்த்தோம் என்று கேட்காமல் வந்துவிடுகிறவர்கள் நிறைய.

இதில் பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை இப்போது அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் படித்துக்கொண்டிருந்தால், மிஷன் பள்ளிக்கு மாற்றுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் 2020-லும் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021-லும் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் அதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது. ‘உதவி பெறும்’ என்ற சொல்லைப் பார்த்து அரசுப் பள்ளி என்று எண்ணிக்கொள்ளும் குடும்பங்களை இங்கே எங்கள் சேகரத்திலேயே (சபை வட்டாரத்திலேயே) பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் ஓர் ஆண்டு மட்டும் மாறினாலும் அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போய்விடும். பிள்ளைக்கு டாக்டர் கனவு இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. வேத பாடமும் காலை ஜெபமும் வேண்டும் என்பதற்காக மாற்றுவதாக இருந்தால், அவற்றை வீட்டிலும் ஞாயிறு பள்ளியிலும் கொடுக்க முடியும். 7.5 சதவீதத்தை வீட்டில் கொடுக்க முடியாது. என் கருத்து இது. என் மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை.

பெண் பிள்ளையாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. உயர்கல்விக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. தமிழ்வழியில் என்பதைக் கவனியுங்கள். அதே பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் சேர்த்துவிட்டு, “உதவி பெறும் பள்ளிதானே” என்று பின்னால் போய்க் கேட்க முடியாது.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவி பெறும் பள்ளியிலும் காலை உணவு உண்டு. ஊரகப் பகுதிகளில் 2024 ஜூலையிலும் நகர்ப்புறங்களில் 2025 ஆகஸ்டிலும் இதை விரிவுபடுத்தினார்கள். திருநெல்வேலி சி.எஸ்.ஐ. திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளிகளில் சேர்ப்பவர்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால், இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வார்த்தை ஆர்.டி.இ. என்ற கல்வி உரிமைச் சட்டம் பற்றி. தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. அதனால் ஆர்.டி.இ. இடத்தை நம்பி மிஷன் மெட்ரிக் பள்ளியின் வாசலில் நிற்க வேண்டாம்.

2. டி.சி.யை ஏப்ரலிலேயே கேளுங்கள்

பழைய பள்ளியில் தேர்வு முடிந்து விடுமுறை விட்ட அடுத்த நாளிலிருந்து கிளார்க்கைப் பிடிப்பது கஷ்டம். மே மாதம் அலுவலகம் திறந்திருக்கும், ஆனால் ஹெச்.எம். கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். கடைசித் தேர்வுக்கு முன்பே விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள்.

டி.சி. இப்போது எமிஸ் வழியாகத்தான் வருகிறது. எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் எண் உண்டு, அந்த எண் கடைசிவரை மாறாது. பழைய பள்ளி அந்த எண்ணைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். அதைக் ‘காமன் பூல்’ என்பார்கள். அங்கிருந்துதான் புதுப் பள்ளி பிள்ளையை எடுத்துக்கொள்ள முடியும். காகித டி.சி. கையில் இருந்தும் காமன் பூலுக்கு அனுப்பாமல் விட்டிருந்தால், புதுப் பள்ளியில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பான், பதிவேட்டில் மட்டும் பழைய ஊரிலேயே இருப்பான். எங்கள் மூத்தவள் விஷயத்தில் நடந்தது இதுதான். இலவச நோட்டும் புத்தகமும் எமிஸ் எண்ணிக்கையை வைத்து வருபவை. அதனால் டி.சி. வாங்கும்போதே, “காமன் பூலுக்கு அனுப்பிட்டீங்களா சார்?” என்று கேட்டு, திரையில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். இரண்டு நிமிட வேலை.

கட்டண பாக்கி இருந்தால் டி.சி. தர மாட்டோம் என்று சில தனியார் பள்ளிகள் சொல்லும். பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தக் கூடாது, டி.சி.யில் பாக்கி பற்றி எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. பாக்கியை வசூலிக்க அவர்களுக்கு வேறு வழி உண்டு. இதை மரியாதையாக, எழுத்தில், தீர்ப்பைக் குறிப்பிட்டுக் கேட்டால் போதும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

வாங்கியவுடன் அந்த இடத்திலேயே நின்று படியுங்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சமூகம், பயிற்று மொழி, எந்த வகுப்புக்குத் தேர்ச்சி, எமிஸ் எண், அங்க அடையாளம், கையெழுத்து, முத்திரை. மச்சத்தைக்கூடப் பாருங்கள். இடது கையில் இருப்பதை வலது கை என்று எழுதிவிட்டால் அது பத்தாம் வகுப்புவரை அப்படியே நகல் எடுக்கப்பட்டுக்கொண்டே போகும். வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் அங்குள்ள கல்வி அதிகாரியின் மேலொப்பத்தையும் வாங்கி வாருங்கள், இங்கே கேட்பார்கள்.

3. ஞானஸ்நானப் பெயரும் பிறப்புச் சான்றும்

கிறிஸ்தவ வீடுகளுக்கே உரிய தொல்லை இது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறப்புச் சான்றில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்திருப்போம், ஆதாரில் தாத்தா பெயரும் சேர்ந்து மூன்று பெயராக இருக்கும். எஸ்தருக்கு ஆங்கிலத்தில் ‘ஹெச்’ உண்டா இல்லையா என்பதில் மூன்று ஆவணங்களும் மூன்று விதமாகப் பேசும்.

பள்ளிக்குப் பிறப்புச் சான்றுதான் அடிப்படை. ஞானஸ்நானச் சான்றிதழ் (ஆர்.சி. குடும்பங்கள் சொல்லும் திருமுழுக்குச் சான்றிதழ்) கோயில் உறுப்பினர் என்பதற்குத் துணை ஆவணம், வயதுக்கு ஆதாரம் ஆகாது. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்று ஒன்றையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளச் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் இப்போதுதான் எல்.கே.ஜி. பக்கம் வருகிறார்கள்.

பிறப்புச் சான்றில் பெயர் சேர்க்காமல் இருந்தால் பிறந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் 200 ரூபாய். பிறப்பு எங்கே பதிவானதோ அந்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் பிறந்த பிள்ளைக்குத் திருநெல்வேலி மாநகராட்சியில் நடக்காது. ஊர் மாறுவதற்கு முன்பே முடித்துவிட்டால் ரயில் செலவு மிச்சம்.

எழுத்துப் பிழை இருந்தால் பத்தாம் வகுப்புக்கு முன் சரிசெய்துவிடுங்கள். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போய்விட்டால், மதிப்பெண் சான்றிதழில் ஏறிய எழுத்தை மாற்றுவது பெரிய அலைச்சல். ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கிறவர்களுக்கு இதுதான் கடைசி நிம்மதியான ஆண்டு.

ஆதார் இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது, 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் கேட்பார்கள், இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகை புதுப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

4. சாதிச் சான்று: இங்கேதான் நேரம் போகும்

விண்ணப்பத்தில் மதம் ஒரு கட்டம், சமூகம் இன்னொரு கட்டம். இரண்டிலும் ‘கிறிஸ்தவர்’ என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. சமூகக் கட்டம் காலியாக இருந்தாலோ இப்படி இருந்தாலோ பொதுப் பிரிவில் போட்டுவிடுவார்கள். உங்கள் சமூகம் அரசுப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரையே எழுதுங்கள். நாடார், கிறிஸ்தவ நாடாரையும் சேர்த்து, பி.சி. பரவரும் முக்குவரும், கிறிஸ்தவர்களானவர்கள் உட்பட, எம்.பி.சி. கன்னியாகுமரி மாவட்ட லத்தீன் கத்தோலிக்கருக்கு பி.சி. பட்டியலில் தனி வரி உண்டு. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்களும், எத்தனை தலைமுறை ஆனாலும், தமிழ்நாட்டில் பி.சி.

கடைசியாகச் சொன்னவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சான்று பி.சி. என்றாலும் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைகளில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம். பள்ளியில் இந்த விவரம் தெரியாதவர்கள், “பி.சி.தானே, கிடையாது” என்று சொல்லிவிடுகிறார்கள். திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று, எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். வீட்டுச் சான்றிதழ் இந்து எஸ்.சி. என்றும், கையில் ஞானஸ்நானச் சான்றிதழும் கோயில் கடிதமும் என்றும் இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துக் கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஏன் அப்படி இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். 1950-ஆம் ஆண்டு ஆணை, கிறிஸ்தவரானவர் எஸ்.சி. ஆக முடியாதபடி, மதத்தோடு பட்டியலைக் கட்டிப்போட்டிருப்பதால் வந்த வேதனை அது. கிளார்க்கிடம் வாதாடித் தீரும் விஷயமல்ல. அப்படிப்பட்ட குடும்பமாக இருந்தால், எந்தக் காகிதத்தையும் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு கோப்பில் இரண்டு மதம் இருப்பது பிற்காலத்தில் பிள்ளையின் வேலையைப் பாதிக்கும்.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில். கட்டணம் ஒரு சான்றுக்கு 60 ரூபாய், அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். முதலில் ‘கேன்’ எண் (இ-சேவையில் உங்களுக்கான அடையாள எண்) பதிவு செய்வார்கள், அதற்கு ஆதாரும் குடும்ப அட்டையும் வேண்டும். பெற்றோரின் சாதிச் சான்றும், அது இல்லாவிட்டால் அவர்கள் டி.சி.யும் முக்கியம். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகப் போய் பி.சி., எம்.பி.சி.க்குத் துணை வட்டாட்சியரிடம் முடியும். மே, ஜூனில் ஊரே விண்ணப்பிக்கும் என்பதால் மார்ச்சிலேயே போட்டுவிடுவது நல்லது. புதிதாகக் குடிவந்தவர்களை வி.ஏ.ஓ.வுக்குத் தெரியாது. சொந்த ஊரில் விசாரித்தால் சுலபம் என்றால், பழைய முகவரி இருக்கும்போதே அங்கே முடித்துவிட்டு வாருங்கள். சான்று மாநிலம் முழுக்கச் செல்லும். வருமானச் சான்று அப்படியல்ல, புதிதாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிறுபான்மையினர் உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று கோயில் வாசலில் யாராவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாரம் விற்றால் வாங்காதீர்கள். மத்திய அரசு ஒன்று முதல் எட்டு வகுப்புவரைக்கானதை 2022-லேயே நிறுத்திவிட்டது.

5. கோயில் கடிதம்

சி.எஸ்.ஐ. என்றால் சேகர குரு, ஆர்.சி. என்றால் பங்குத்தந்தை. நீங்கள் புதிதாக வந்தவர் என்றால் இங்கே இருப்பவருக்கு உங்களைத் தெரியாது, தெரியாதவருக்குக் கடிதம் கொடுக்கவும் மாட்டார். பழைய கோயிலிலிருந்து உறுப்பினர் மாற்றக் கடிதம் வாங்கி வந்து, இங்கே பதிந்து, அப்புறம்தான் பள்ளிக்கான கடிதத்தைக் கேட்க முடியும். சந்தா பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்வார்கள். பாக்கி சேர்ந்திருந்தால் கையில் பணத்தோடு போங்கள், பேரம் பேசுகிற இடமில்லை.

கடிதத்தில் பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றில் உள்ளபடியே இருக்கட்டும். எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டு, தாளாளர் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள். மே மாதத்தில் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), கன்வென்ஷன் கூட்டங்கள், ஐயர்மார் இடமாற்றம் எல்லாம் சேர்ந்து வரும். மாற்றலாகிப் போகிற ஐயரிடம் ஏப்ரலில் வாங்குவது, மே கடைசியில் புதிதாக வந்த ஐயரிடம் வாங்குவதைவிடச் சுலபம்.

பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைக் குடும்பங்களின் கடிதத்தைச் சில பள்ளிகள் ஏற்கும், சில பள்ளிகள் தங்கள் திருமண்டல உறுப்பினருக்கு முதலிடம் என்று சொல்லும். விண்ணப்பம் வாங்கும்போதே கேட்டுவிட்டால் வீண் நம்பிக்கை இருக்காது.

6. பணம்

உதவி பெறும் தமிழ்வழியில் கல்விக் கட்டணம் இல்லை. சிறு தொகைகள், பெற்றோர் ஆசிரியர் கழகச் சந்தா, அடையாள அட்டை என்று ஏதாவது இருக்கும். ஆங்கிலவழியிலும் மெட்ரிக்கிலும் அரசின் கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்த தொகை எது என்று கேளுங்கள். கட்டடநிதி, நன்கொடை என்று சேர்க்கைக்கு நிபந்தனையாகக் கேட்பதற்குத் தமிழ்நாட்டில் 1992 முதலே தடைச் சட்டம் இருக்கிறது. ஆண்டவர் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் நன்கொடை நன்கொடைதான். மனதாரக் கொடுப்பதென்றால் சேர்க்கை முடிந்தபின் ரசீதோடு கொடுங்கள்.

இதற்கு மேல் சீருடைத் தையல், ஷூ, வேன். வேனுக்கு ஜூன் மாதம் பாதிதான் ஓடினாலும் முழு மாதப் பணம் கேட்பார்கள், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

7. பள்ளி திறந்த பிறகு

திறக்கும் தேதியை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். 2024-இல் ஜூன் 6 என்று சொல்லி, வெயிலால் 10-க்குத் தள்ளினார்கள். 2025-இல் ஜூன் 2-லேயே திறந்துவிட்டார்கள்.

முதல் நாள் காலையில் குடும்ப ஜெபத்தை நீட்ட வேண்டாம். 121-ஆம் சங்கீதத்தை வாசித்து, தலையில் கை வைத்து ஒரு சின்ன ஜெபம் செய்தால் போதும். புது ஊர், புது வகுப்பு, பேச்சுவழக்கும் வேறு. சென்னைத் தமிழ் பேசினால் இங்கே பிள்ளைகள் சிரிப்பார்கள், இரண்டு வாரத்தில் நம் பிள்ளையே “ஏலே” என்று கூப்பிட ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு வாரம் சாயங்காலம் வீட்டில் யாராவது இருப்பது நல்லது. பரீட்சை, மார்க் பேச்சை அதுவரை எடுக்காதீர்கள். யாரோடு சாப்பிட்டாய் என்று மட்டும் கேளுங்கள்.

ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு வைப்பது மிஷன் பள்ளிகளிலும் உண்டு. ஆராதனை நேரத்தில் வைத்தால் வகுப்பாசிரியரிடம் ஜூனிலேயே கடிதம் கொடுங்கள். தேர்வு நெருங்கும்போது கொடுத்தால் சாக்கு என்று நினைப்பார்கள். பெரும்பாலும் பதினொரு மணிக்கு மேல் வர அனுமதிப்பார்கள். ஆசிரியர்களில் பாதிப்பேர் அந்த நேரத்தில் கோயிலில்தான் இருப்பார்கள்.

ஜூன் கடைசி வாரத்தில் ஒருமுறை அலுவலகத்துக்குப் போய், எமிஸில் பிள்ளை இந்தப் பள்ளியின் பெயரில், சரியான பிரிவில், சரியான சமூகத்தோடு ஏறியிருக்கிறானா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் இருக்க வேண்டிய மூலம் டி.சி. மட்டும்தான், அதற்கும் கொடுக்கும் முன்பே இரண்டு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.